கசக்குது, மிஸ்ஸி

நர்ஸ் பயிற்சிக்கு வந்திருக்கும் நீங்கள் வார்டுக்குப் போகும் முன் உங்களிடம் ஏதாவது பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். தெம்பனிஸிலிருந்து பஸ் மாறி இங்கே வந்து சேர்வதற்குள் யோசித்து வைத்ததில் பாதி மறந்துபோய்விட்டது. பரவாயில்லை. ஊசி போடுவதையும் டிரிப் ஏற்றுவதையும் உங்களுக்குக் கற்றுக்கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். நான் உப்பைப் பற்றிப் பேசப்போகிறேன். சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள், நடுவில் முடியாது.

போன வாரம் என் பேத்தி பள்ளிக்கூட வேலையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கடல் தண்ணீர் ஏன் உப்பாக இருக்கிறது என்று எழுத வேண்டுமாம். "பாட்டி, உங்களுக்குத் தெரியுமா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். குழந்தைக்கு என்ன தெரியும், பாவம். அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் சொன்னவர் ஒரு டாக்டர். சொன்ன இடம் ஆஸ்பத்திரிச் சமையல் கொட்டகை. காலம், ஜப்பான்காரன் இந்தத் தீவைப் பிடித்து வைத்திருந்த காலம்.

அப்போது நான் சின்னப்பெண். நர்ஸ் பயிற்சி முடிவதற்குள் சண்டை வந்துவிட்டது. சிராங்கூன் ரோட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. பெஞ்சுகளை வெளியே தூக்கிப் போட்டுக் கட்டில்களை உள்ளே போட்டு, இனிமேல் இது ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டார்கள். கரும்பலகைகளைக்கூடக் கழற்றவில்லை. அந்த வகுப்பறைகளில்தான் நானும் கனகமும் வேலை பார்த்தோம். கனகம் யாழ்ப்பாணத்துக் குடும்பம், அவள் அப்பா ஆபீஸ் கிளார்க். என்னைவிட இரண்டு வயது இளையவள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். பின்பக்கத்து அறை ஒன்றில் இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்துக்கொள்வோம். காலையில் தலைவாரும்போதுகூட நோயாளிகளைப் பற்றித்தான் பேசுவாள். அவ்வளவு பிரியம் வேலையில்.

வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சீதபேதி. தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், ரோடு போட்டவர்கள், தேக்காவைச் சுற்றியிருந்த குடும்பங்கள் என்று வரிசையாக வந்து படுத்தார்கள். மருந்து அலமாரியைத் திறந்தால் பல்லிதான் ஓடும். கொய்யா இலைக் கஷாயம், கரித்தூள், கஞ்சி, இவ்வளவுதான் எங்கள் வைத்தியம். அதில் கஞ்சிதான் முக்கியம் என்பார் டாக்டர். அவரும் யாழ்ப்பாணத்துக்காரர், ஒல்லியான மனிதர், சத்தம் போட்டுப் பேசமாட்டார். "உடம்பில இருந்து தண்ணியும் உப்பும் போய்க்கொண்டே இருக்குது. போறதைத் திருப்பிக் குடுத்தால் ஆள் பிழைக்கும். கஞ்சித் தண்ணியும் உப்பும், அதுதான் மருந்து" என்று தினமும் சொல்வார். ஆளுக்கு எவ்வளவு போகிறதோ அவ்வளவுக்கு உப்பைக் கூட்டிப் போடச் சொல்லியிருந்தார். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். நோய் முற்றியவருக்கு உப்பு அதிகம்.

கடையில் உப்புக் கிடைக்காமல் போனது. ஆஸ்பத்திரி ஆட்கள் மாட்டு வண்டியில் டின்களை ஏற்றிக்கொண்டு காத்தோங் கடற்கரைக்குப் போய்க் கடல் தண்ணீர் மொண்டு வருவார்கள். சமையல் கொட்டகைக்குப் பின்னால் பெரிய அண்டாவில் ஊற்றி, ரப்பர் கட்டையை வைத்து எரிப்பார்கள். தண்ணீர் சுண்டச் சுண்ட அடியில் வெள்ளையாக உப்பு இறங்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது நாங்கள் கை தட்டினோம். எல்லா உப்பும் நோயாளிகளுக்குத்தான் என்று ஊழியர்கள் கூடிப் பேசி முடிவு செய்தோம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நாங்கள் மரவள்ளிக்கிழங்கை உப்பில்லாமல் அவித்துத் தின்றோம். அதில் ஒரு பெருமையும் இருந்தது எங்களுக்கு.

அந்தப் பெருமைதான் எங்கள் கண்ணை மறைத்தது.

உப்புக் காய்ச்சும் செய்தி ஜப்பானிய அதிகாரிகளின் சாப்பாட்டுக் கூடத்துக்கு எட்டிவிட்டது. ஒரு நாள் காலையில் இரண்டு சிப்பாய்கள் டின்னோடு வந்து நின்றார்கள். முதலில் இறங்கும் வெள்ளை உப்பு அவர்களுக்கு. டின் நிறைந்த பிறகு அண்டாவில் என்ன இருக்கிறதோ அது ஆஸ்பத்திரிக்கு. அதுதான் உத்தரவு. யாரால் எதிர்த்துப் பேச முடியும்? குனிந்து வணங்கிவிட்டு ஒதுங்கி நின்றோம்.

அவர்கள் வாரிக்கொண்டு போன பிறகு அண்டாவில் மஞ்சளாக, எண்ணெய் மாதிரி கொஞ்சம் தண்ணீர் மிஞ்சும். எவ்வளவு எரித்தாலும் அது காயாது. அடியில் ஈரக் களிபோல ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். அதை வழித்து ஜாடியில் போட்டு வைத்தால் மறுநாள் தானாகவே நீர்விட்டுக் கரைந்து நிற்கும். கடல் தண்ணீரைக் காய்ச்சினோம், அதில் மிஞ்சியது, ஆகவே உப்புத்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். வெள்ளையாக இல்லாவிட்டால் என்ன, பஞ்ச காலத்தில் நிறம் பார்க்க முடியுமா? சமையல்காரர் முத்தையா அதை உப்புத்தண்ணி என்று பெயர் வைத்துக் கரண்டியால் மொண்டு கஞ்சியில் ஊற்றினார். முற்றியவர்களுக்கு இரண்டு கரண்டி.

அதற்குப் பிறகு வார்டில் எல்லோரும் ஒரே பேச்சுப் பேச ஆரம்பித்தார்கள். கோப்பையை வாயில் வைத்ததும் முகத்தைச் சுளிப்பார்கள்.

"கசக்குது, மிஸ்ஸி."

எங்களை அப்போது மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். கசக்குது என்று அவர்கள் சொன்னால் எங்களுக்கு அது புதுச் செய்தியா? காய்ச்சலில் படுத்தவனுக்கு வாய் கசக்கும். அது நம் வீடுகளில் பிறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். "அது காய்ச்சல் வாய்லா, கண்ண மூடிட்டு குடிங்க" என்று அட்டெண்டண்டுகள் சொல்வார்கள். நாங்களும் சொன்னோம். சீனக் கிழவர் ஒருவர் மலாயில் அதையே சொன்னார், அவருக்கும் மலாயில் அதே பதில்.

நம் மொழியில் ஒரு வசதி இருக்கிறது. எது என்று சொல்லாமலே பேசிவிடலாம். கசக்குது என்றால் போதும். வாயா, கஞ்சியா என்று கேட்பவர்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். நாங்கள் எல்லோரும் வாய் என்று நிரப்பிக்கொண்டோம்.

நோயாளிகள் தேறவில்லை. முன்பெல்லாம் நாலைந்து நாளில் எழுந்து உட்கார்ந்தவர்கள் இப்போது சுருண்டு சுருண்டு படுத்தார்கள். நோய்க்குப் புது வீரியம் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டோம். டாக்டர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "உப்பைக் கூட்டுங்கோ" என்பார். கூட்டினோம்.

பிறகு கனகமும் படுத்துவிட்டாள். ஆண்கள் வார்டில் டியூட்டி பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரு நாள் மதியம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கே பெண்கள் வார்டில் கட்டில் போட்டோம். என் நேரம், என் சாப்பாடு எல்லாவற்றையும் அவளுக்காக ஒதுக்கினேன். முத்தையாவிடம் போய், "அண்ணே, கனகத்துக்குக் கொஞ்சம் கூடவே ஊத்துங்க" என்று நானே சொல்லி வாங்கி வருவேன்.

இப்போது பகார் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தஞ்சோங் பகாரில் மூட்டை தூக்கியவர் என்பதால் அந்தப் பெயர். கனகம் பார்த்துக்கொண்டிருந்த நோயாளி. அவள் படுத்த பிறகு அவரை என்னிடம் மாற்றினார்கள். ஒரு காலையில் நான் கஞ்சி எடுத்துக்கொண்டு போனபோது தாத்தா அடங்கிப்போயிருந்தார். கண்ணை மூடிவிட்டு, துணியைப் போர்த்திவிட்டு, கையில் கோப்பையோடு நின்றேன்.

என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? அந்தக் கஞ்சியை நான் குடித்தேன்.

முகம் சுளிக்க வேண்டாம். உப்பில்லாத கிழங்கையே தின்று தின்று நாக்கு செத்துப்போயிருந்தது. கையில் இருப்பது உப்புப் போட்ட கஞ்சி. குடிக்க வேண்டியவர் இல்லை. திரும்பக் கொண்டுபோய்க் கொட்டவா? தூணுக்குப் பின்னால் போய் நின்று ஒரு வாய் நிறைய விழுங்கினேன்.

தூக்கிவாரிப் போட்டது. கசப்பு. வேப்பிலைக் கசப்பு இல்லை, நாக்கின் அடியில் போய் ஒட்டிக்கொள்கிற வேறொரு கசப்பு. உப்பு எங்கேயோ தூரத்தில் இருந்தது. எனக்குக் காய்ச்சல் இல்லை, கழுத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டேன். கோப்பையைப் பார்த்தேன், மறுபடியும் ஒரு வாய் குடித்தேன். அதே கசப்பு. பசி பாருங்கள், நிச்சயப்படுத்திக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டே முழுவதையும் குடித்துவிட்டேன்.

மதியத்துக்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தேன். மூன்றாவது முறை போய்விட்டுச் சுவரில் சாய்ந்து நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் எல்லோரும் வாய் கசக்கிறது என்று சொல்லவில்லை. கஞ்சி கசக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கஞ்சியைத்தான் காலையும் மாலையும் கனகத்துக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறோம்.

நேரே முத்தையாவிடம் போனேன். "அண்ணே, இந்தக் கஞ்சிய வாயில வச்சுப் பாத்தீங்களா?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன பேச்சு பேசுற மிஸ்ஸி? சாமிக்கு வைக்கிறதையும் நோயாளிக்கு வைக்கிறதையும் எச்சில் பண்ணலாமா? முப்பது வருசமா அடுப்படியில நிக்கிறேன், ஒரு நாள் ருசி பாத்தது கிடையாது. வாசனையிலயே எனக்கு உப்பு தெரியும்."

பொய் சொல்கிற மனிதர் இல்லை. பக்தியோடு சமைத்திருக்கிறார். எங்கள் தியாகத்தால் நாங்கள் அந்த உப்பைத் தொடவில்லை, அவருடைய பக்தியால் அவர் தொடவில்லை. அந்தக் கட்டடத்தில் அதை ருசி பார்த்தவர்கள் படுத்துக்கிடந்தவர்கள் மட்டும்தான். அவர்கள் சொன்னதை நாங்கள் நம்பவில்லை.

டாக்டரிடம் சொன்னேன். அவர் முதலில் ஏற்றுக்கொள்ளவில்லை. "நோயாளியின்ர கோப்பையில குடிச்சிருக்கிறீர், மிஸ்ஸி. உமக்கும் தொத்தியிருக்கும்" என்றார்.

"தொத்தினா அரை நாள்லயா டாக்டர்? அதுவும் குடிக்கும்போதே கசக்குமா? நீங்களே வந்து பாருங்க."

குரலை உயர்த்திவிட்டேன். அந்தக் காலத்தில் டாக்டரிடம் அப்படிப் பேசினால் வேலை போய்விடும். அவர் எழுந்து என்னோடு கொட்டகைக்கு வந்தார். ஜாடியில் விரலை விட்டு நாக்கில் வைத்தார். அவர் முகம் வெளிறிப்போனதைப் பார்த்தேன். மறுபடியும் விரலை விட்டார். பிறகு அப்படியே விறகுக்கட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"பேதி உப்பு" என்றார்.

உங்களுக்கும் தெரிந்திருக்கும், வயிறு கழுவுவதற்குக் கடையில் வாங்கிக் குடிப்பார்களே, அந்தப் பேதி உப்பு. எனக்குப் புரியவில்லை. "கடல் தண்ணியில ஏது டாக்டர் பேதி உப்பு? கடல்ல இருக்கிறது சாப்பாட்டு உப்புதானே?"

"கடல் ஏன் உப்பாயிருக்குது எண்டு உமக்குத் தெரியுமோ?" என்று கேட்டார். பாடம் நடத்தும் குரல் இல்லை அது. தனக்குத்தானே கணக்குப் பார்ப்பது போல மெதுவாகச் சொன்னார். "மழை பெய்யுது. மண்ணையும் பாறையையும் கொஞ்சம் கொஞ்சமாக் கரைக்குது. ஆறு அதை எல்லாம் கொண்டுபோய்க் கடல்ல விடுது. ஆத்துத் தண்ணியில அது இருக்கிறது நாக்குக்குத் தெரியாது, அவ்வளவு கொஞ்சம். ஆனால் வெயில் கடல்ல இருந்து தண்ணியை மட்டும்தான் எடுக்குது. மற்றதெல்லாம் அங்கேயே கிடக்குது. மேலே போன தண்ணி திரும்பவும் மழையா வந்து, திரும்பவும் பாறையைக் கரைச்சுக் கொண்டுபோய்ப் போடுது. எத்தனை கோடி வருசமா நடக்குது. பாறையில ஒரு சாமான்தானா இருக்குது? கடல்ல நல்ல உப்பும் இருக்குது, பேதி உப்பும் இருக்குது, இன்னும் என்னென்னவோ இருக்குது."

அண்டாவைக் காட்டினார். "இதுவும் அதே வேலைதான். அடுப்பு வெயில். தண்ணி போகப்போக நல்ல உப்பு முதல்ல இறங்கும். கசப்பு உப்பு லேசில இறங்காது, கடைசி வரைக்கும் தண்ணியிலேயே நிக்கும். அவங்கள் முதல்ல இறங்கினதைக் கொண்டுபோட்டாங்கள். மிச்சத்தை நாங்கள்..."

யாருக்கு அதிகமாகப் போகிறதோ அவருக்கு அதிகமாக ஊற்றுங்கள் என்று உத்தரவு. ஊற்றினால் இன்னும் போகும். இன்னும் போனால் இன்னும் ஊற்றுவோம். நான் கனகத்துக்குக் கேட்டுக் கேட்டு வாங்கிய கூடுதல் கரண்டி ஞாபகம் வந்தது.

"எத்தனை பேரு டாக்டர்? நோயில போனவங்க எத்தனை, இதுல போனவங்க எத்தனை?"

"அதை இனி ஆராலயும் சொல்லேலாது, மிஸ்ஸி" என்றார்.

ஜாடியைக் கவிழ்த்துக் கொட்டப் போனேன். அவர் தடுத்தார். அதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த விஷயங்களில் ஒன்று. கொட்டிவிட்டால் என்ன கிடைக்கும்? உப்பே இல்லாத கஞ்சி. அதைக் குடித்தாலும் அவர்கள் சாகத்தான் செய்வார்கள், கை கால் இழுத்துக்கொண்டு. நல்ல உப்பு வேண்டும். அது அதிகாரியின் டின்னில் இருக்கிறது. அதில் கை வைத்தவன் தலை உடம்பில் இருக்காது. உங்கள் உத்தரவால் நோயாளிகள் செத்தார்கள் என்று போய்ச் சொன்னாலும் அதே கதிதான்.

டாக்டர் ஜாடியை என் கையில் கொடுத்து, ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு, "வாரும். நான் ஒண்டும் சொல்லப்போறதில்லை. ருசி பார்க்கச் சொல்லிக் கேக்கப்போறன்" என்றார்.

எங்கள் ஆஸ்பத்திரியை மேற்பார்வையிட்ட ஜப்பானிய மருத்துவ அதிகாரிக்கு உடைந்த ஆங்கிலம் வரும். இருவரும் குனிந்து வணங்கினோம். டாக்டர் முதலில் தான் ஒரு சொட்டை நாக்கில் வைத்துக் காட்டிவிட்டுக் கரண்டியை நீட்டினார். குற்றம் சொல்லவில்லை, கெஞ்சவில்லை. "இதுதான் ஆஸ்பத்திரிக்குக் கிடைக்கும் உப்பு, தயவுசெய்து பாருங்கள்" என்றார், அவ்வளவுதான்.

அந்த மனிதர் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். உடனே சிரித்துவிட்டார். "நிகாரி" என்றார்.

அதற்கு அவர்கள் ஊரில் ஒரு பெயரே இருக்கிறது. கசப்பு என்று அர்த்தமாம். உப்புக் காய்ச்சும்போது கடைசியில் மிஞ்சும் இந்தத் தண்ணீரைச் சோயாப் பாலில் விட்டால் பால் திரிந்து பன்னீர் போலத் தவ்ஹூ கட்டி வருமாம். தன் ஊரில் இதை விலை கொடுத்து வாங்குவார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நாங்கள் அறியாமல் மனிதர்களுக்கு ஊட்டியதைத் தினமும் பார்த்துப் பழகிய ஒருவர் இத்தனை நாளும் பக்கத்துக் கட்டடத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறார். நாங்கள் கேட்கவில்லை. கேட்கும்படியான காலமும் இல்லை அது.

"இதை என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"நோயாளிகளின் கஞ்சியில் ஊற்றினோம்" என்றார் டாக்டர்.

சிரிப்பு நின்றது. எழுந்து வந்தார். டாக்டரின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். டாக்டரின் கண்ணாடி பறந்து போய் விழுந்தது. நீ ஒரு டாக்டரா, இதுகூடத் தெரியாதா என்று கத்தினார். உத்தரவு போட்டது யார் என்ற எண்ணம் அவர் முகத்தில் எங்கேயும் இல்லை. நான் ஜாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். எனக்குள் ஒருத்தி, சொல்லு டாக்டர், நீ எடுத்த உப்பு என்று சொல்லு என்று கத்திக்கொண்டிருந்தாள். டாக்டர் மறுபடியும் குனிந்து வணங்கினார்.

கத்தி முடித்த பிறகு அதிகாரி உத்தரவு சொன்னார். அண்டாவில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரை இனி ஒரு சொட்டு விடாமல் அவர்களுடைய சமையல்காரரிடம் கொடுத்துவிட வேண்டும், தவ்ஹூ செய்வதற்கு. வெள்ளை உப்பில் ஒரு பங்கு ஆஸ்பத்திரிக்கு விட்டுவிட்டுத்தான் டின்னை எடுக்க வேண்டும்.

வெளியே வந்ததும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார் டாக்டர். ஒரு பக்கம் விரிசல். "கன்னம் வீங்கினால் இறங்கிவிடும். உப்பு வந்திட்டுது, ஓடும்" என்றார். பின்னாளில் எவ்வளவோ பெரிய டாக்டர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். கோபப்படவேண்டிய இடத்தில், நியாயமும் தன் பக்கம் இருக்கும்போது, எதற்காக வந்தோம் என்பதை மறக்காத மனிதரை அப்புறம் நான் அதிகம் பார்த்ததில்லை.

நோயாளி ஒன்றைச் சொன்னால் முதலில் அது உண்மை என்று வைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். அவர் உடம்பைப் பற்றி நீங்கள் படித்ததை அதன் பிறகு ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். என் நாற்பது வருஷ வேலையில் கற்றுக்கொண்டது என்று இதைத்தான் சொல்வேன். மீதியையும் கேளுங்கள்.

ஓடினேன். முத்தையா புதிதாகக் கஞ்சி வைத்து, வெள்ளை உப்பைப் போட்டு, என் முன்னாலேயே ஒரு வாய் எடுத்துக் குடித்தார். அழுதுகொண்டே குடித்தார். அதை எடுத்துக்கொண்டு கனகத்திடம் போனேன்.

அவள் கண் இரண்டும் குழிக்குள் போயிருந்தன. கையின் தோலைக் கிள்ளிவிட்டால் கிள்ளியபடியே நின்றது. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து முனகிக்கொண்டிருந்தாள். அன்றைக்குள் அவள் வயிற்றில் நல்ல கஞ்சி இறங்காவிட்டால் மறுநாள் அவள் இருக்கமாட்டாள் என்பது எனக்கு யாரும் சொல்லாமலே தெரிந்தது.

கோப்பையைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டாள். "வேண்டாம் அக்கா. கசக்கும்."

"கசக்காது. இது வேற உப்பு. உன் வாய்ல ஒண்ணும் இல்லடி கனகம், கஞ்சிதான் கசந்துச்சு. நானே குடிச்சுப் பாத்தேன்."

அவள் மெதுவாகத் திரும்பினாள். "கஞ்சியோ?"

"ஆமா."

"வாய் இல்லையோ?"

நர்ஸாக இருந்துகொண்டு நான் அந்த இடத்தில் வாயை மூடியிருக்கலாம். அவள் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இல்லை என்று தலையாட்டினேன்.

"பகார் தாத்தா முதல் நாளே சொன்னவர் அக்கா" என்றாள். குரல் மூச்சாக வந்தது. "கஞ்சி கசக்குது பிள்ளை எண்டு தெளிவாச் சொன்னவர். நான்தான், கஞ்சி இல்லைத் தாத்தா, வாய் எண்டு திருத்தினனான். அவர் விடேல்லை. கஞ்சிதான் எண்டு நாலு தரம் சொன்னவர். நானும் நாலு தரம் திருத்தினனான். பிறகு அவரும் பாவம், வாய் எண்டே சொல்லத் தொடங்கிட்டார். படிச்ச பிள்ளை சொல்லுது, சரியாத்தான் இருக்கும் எண்டு சொன்னவர்." என் முகத்தைப் பார்த்தாள். "தாத்தா எப்பிடி இருக்கிறார்?"

நான் குனிந்து கரண்டியால் கஞ்சியைக் கலக்கினேன். அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "எனக்குக் கஞ்சி வேண்டாம்" என்றாள். இந்த முறை கசப்புக்காகச் சொல்லவில்லை.

அவள் தோள் குலுங்கியது. குனிந்து அவள் முகத்தைப் பார்த்தேன். வாய் கோணி, நெற்றி சுருங்கி, குழந்தைபோல் அழுதுகொண்டிருந்தாள். ஆனால் கண் வறண்டு கிடந்தது. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அந்த மாதிரி அழுகையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

உனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்லலாம். அவர் எப்படியும் பிழைத்திருக்கமாட்டார் என்று சொல்லலாம். டாக்டருக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்வது? சொன்னாலும் அவள் நம்பப்போவதில்லை. அவளைச் சமாதானப்படுத்தும் நேரத்தில் அவள் உயிர் போய்விடும். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. தலைக்கடியில் கை கொடுத்து அவளைத் தூக்கி என் மடியில் சாய்த்துக்கொண்டேன்.

"ஏண்டி, அழுறதுக்குக்கூட உன் உடம்புல தண்ணி இல்ல, தெரியுதா? தாத்தாவுக்காக அழணும்னா முதல்ல இதக் குடி. உன்ன நான் அழ வேணாம்னு சொல்லல. குடிச்சிட்டு அழு."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன். ஒரு கோப்பை முடிந்தது, இன்னொன்று கொண்டுவரச் சொன்னேன். பாதியைக் கக்கினாள், மறுபடியும் கொடுத்தேன். மடி நனைந்து கால் மரத்துப்போயிற்று, நான் அசையவில்லை. வெயில் ஜன்னலிலிருந்து இறங்கிக் கரும்பலகைக்குப் போன நேரத்தில், கோப்பையைத் தானே இரண்டு கையாலும் பிடித்துக் குடித்து முடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"இனி அழலாமோ அக்கா?"

கேட்கும்போதே அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து கன்னத்தில் இறங்கியது. நான் அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.